பள்ளிக்கூடத்துக்குத் தனியே போகவேண்டாம்

1969ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வட லண்டனிலுள்ள ஹாரிங்கே நகரசபையின் இரகசிய அறிக்கை ஒன்று வெளியே கசிந்தது. எழுதியவர் ஆல்ஃபிரட் டோல்டன். நகரசபை உறுப்பினர்; ஹைகேட் பள்ளிக்கூடத்தின் அதிபரும்கூட. மாணவர்களைத் திறமைப்படி தரம் பிரித்து, அந்தத் தரவரிசையை வைத்து மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பங்கிட்டு அனுப்புவதென்பது நகரசபையின் திட்டம். அதற்கு அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று, மேற்கிந்தியப் பிள்ளைகளின் அறிவுத்திறன் ஆங்கிலப் பிள்ளைகளினதைவிடக் குறைவு என்பது. உலகம் ஒத்துக்கொண்ட விஷயம் என்ற தோரணையில் அதைப் போகிற போக்கில் எழுதிவைத்திருந்தார்.

அதை வாசித்துக் கொதித்த தாய் தகப்பன்மார் பெரிய படிப்பாளிகளல்லர். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை செய்த தாதிமார், தொழிற்சாலைக்குப் போய்வந்த பெண்கள். ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், கிரெனடா என்று வெவ்வேறு தீவுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வட லண்டன் மேற்கிந்தியர் சங்கத்தில் கூடினார்கள். ஜெஃப் க்ராஃபோர்ட், ஜான் லா ரோஸ் போன்றவர்கள் முன்னே நின்றார்கள். துண்டுப்பிரசுரம் அடித்தார்கள், கூட்டம் வைத்தார்கள், நகரசபையோடு நேருக்கு நேர் வாதாடினார்கள். அந்தத் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

லண்டனில் பிள்ளை வளர்க்கும் எங்கள் இளம் பெற்றோருக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. எங்கள் சனங்களுக்குப் படிப்பின்மேல் இருக்கும் பற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வீட்டை அடகு வைத்தும் பிள்ளையைப் படிப்பிப்போம். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் எங்கள் வாய் கட்டிப்போகிறது. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். பிறகு வீட்டுக்கு வந்து பிள்ளையை ஏசுகிறோம். அந்த மேற்கிந்தியப் பெற்றோரும் இப்படித்தான் தொடங்கினார்கள்.

கரீபியன் தீவுகளிலும் ஆசிரியர் என்றால் பெரிய மரியாதை. ஆசிரியர் அடித்தார் என்று பிள்ளை வந்து சொன்னால் தாயிடம் இன்னொரு அடி விழும். அந்த நம்பிக்கையோடுதான் அவர்கள் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களுக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வரும். உங்கள் மகனுக்கு விசேட பள்ளியில் இடம் கொடுக்கிறோம் என்று அதில் இருக்கும். விசேடம் என்றால் ஏதோ நல்லதாக்கும், பிள்ளைக்கு அதிக கவனிப்புக் கிடைக்கும் என்று எண்ணிச் சம்மதித்த தாய்மார் பலர். உண்மையில் அவை கல்வியில் பின்தங்கியவை, மூளை வளர்ச்சி குறைந்தவை என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிகள். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள் அந்த வகையை உண்டாக்கியிருந்தன. அங்கே போன பிள்ளை சாதாரணப் பள்ளிக்குத் திரும்பி வருவது அபூர்வம். பரீட்சை எழுதுவதில்லை, சான்றிதழும் இல்லை. பதினாறு வயதில் ஒழுங்காக எழுத வாசிக்கத் தெரியாமல் வெளியே வந்தவர்கள் இன்று அறுபது வயது தாண்டியவர்களாக இதே நகரத்தில் நடமாடுகிறார்கள். சிலர் 2021இல் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் வந்து பேசினார்கள். பொல்லாத கொடுமை அது. படித்து முடித்து ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அதில் பேசியவர்கள் என் வயதுக்காரர்கள்.

இந்த அநியாயத்தை எண்ணிக்கையாக மாற்றிப் பெற்றோர் கையில் கொடுத்தவர் பெர்னார்ட் கோர்ட். கிரெனடாவிலிருந்து வந்து, கிழக்கு லண்டனில் இத்தகைய பள்ளிகளில் படிப்பித்த இளைஞர். கண்ணால் கண்டதையும், லண்டன் கல்வி அதிகாரசபையின் சொந்த அறிக்கையிலிருந்த கணக்கையும் சேர்த்து, கரீபியன் ஆசிரியர்களும் சமூகத் தொண்டர்களும் நடத்திய மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். இதைப் புத்தகமாக எழுது என்று அங்கிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். 1971 மே மாதம் லா ரோஸின் நியூ பீக்கன் பதிப்பகம் அதை வெளியிட்டது. ஐம்பது பக்கம் சொச்சம்தான்.

1967இல் லண்டனின் சாதாரணப் பள்ளிகளில் குடியேறியோரின் பிள்ளைகள் நூற்றுக்கு 15 பேர். அந்த விசேட பள்ளிகளிலோ நூற்றுக்கு 28 பேர். அந்த 28 பேரில் முக்கால்வாசிப் பேர் மேற்கிந்தியப் பிள்ளைகள். சாதாரணப் பள்ளிகளில் குடியேறியோர் பிள்ளைகளில் அவர்கள் பாதிப் பேர்தான். இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில், ஒரே ஊரில், ஒரே நிறத்தில் மூளை குறைந்துபோகுமா? வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கென்று உண்டாக்கிய சோதனைத் தாளை, நேற்றுக் கிங்ஸ்டனிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய பிள்ளையின் முன் வைத்தார்கள். அந்தப் பிள்ளை பல வருடமாகப் பாட்டியிடம் வளர்ந்து, அறியாத தாயிடம், குளிர் நாட்டில் வந்து சேர்ந்தது. பயத்தில் வாய் திறக்காத பிள்ளைக்கும் விளங்காத பிள்ளைக்கும் ஒரே புள்ளிதான் விழுந்தது. வேவ்னி புஷெல் என்ற கயானாப் பெண்மணி, இந்த நாட்டில் கல்வி உளவியலாளராகப் பணிசெய்த முதல் கறுப்பினப் பெண்களுள் ஒருவர், உள்ளேயிருந்தே இதைக் கண்டு வெளியே சொன்னார்.

கோர்ட் அந்தப் புத்தகத்தை முதன்மையாகப் பெற்றோருக்கே எழுதினார். அதனால்தான் அது அமைச்சின் அலுமாரியில் தூசு படிந்து கிடக்கவில்லை. உன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி போ, என்ன சோதனை வைக்கிறார்கள் என்று கேள், விசேட பள்ளிக்கு மாற்றவேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளாதே, மற்றப் பெற்றோரோடு சேர், உங்களுக்கென்று சொந்தமாக மேலதிகப் பள்ளிகளைத் தொடங்கு என்று புத்தக முடிவில் ஒரு தகப்பன் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார். கோர்ட்டின் பிற்கால வாழ்க்கை சோகமானது. கிரெனடாவுக்குத் திரும்பித் துணைப் பிரதமராகி, 1983இல் பிரதமர் மொரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று, 2009 வரை சிறையில் இருந்தார். அந்தப் பழியை நான் மறைக்கமாட்டேன். ஆனாலும் இந்தச் சின்னப் புத்தகம் பிள்ளைகளுக்குச் செய்த நன்மையை அது அழித்துவிடாது.

மேலதிகப் பள்ளிகள் அதற்கு முன்பே முளைத்திருந்தன. 1969இல் லா ரோஸ் தன் வீட்டிலேயே ஒன்றைத் தொடங்கினார். டிரினிடாட் தந்த சிந்தனையாளர் ஜோர்ஜ் பாட்மோரின் பெயரை அதற்கு வைத்தார். இருப்பறையில் பிள்ளைகளை உட்காரவைத்து ஆங்கிலமும் கணக்கும், அதோடு ஆபிரிக்க, கரீபியன் வரலாறும் சொல்லிக்கொடுத்தார்கள். வாரநாளில் பள்ளிக்கூடம் உனக்கு வராது என்று சொன்ன கணக்கு, சனிக்கிழமை அந்த வீட்டில் அதே பிள்ளைக்கு வந்தது. எழுபதுகளில் பர்மிங்ஹாம், மான்செஸ்டர் என்று மற்ற நகரங்களிலும் தேவாலய மண்டபங்களில் இப்படியான பள்ளிகள் நடந்தன. ஸ்டீவ் மக்வீன் 2020இல் எடுத்த ‘எஜுகேஷன்’ என்ற படத்தில் அத்தகைய ஒரு பள்ளியும், மகனுக்காக மெல்ல மெல்ல வாய் திறக்கும் ஒரு தாயும் வருகிறார்கள். நேரமிருந்தால் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். ஒரு மணித்தியாலம்தான்.

எங்களுக்கும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. வாடகை மண்டபம், சம்பளமில்லாத ஆசிரியர்கள், தேநீர் ஊற்றும் தாய்மார். தமிழ் படிப்பிக்கிறோம், பரதமும் மிருதங்கமும் படிப்பிக்கிறோம், கணக்கு ரியூஷனும் கொடுக்கிறோம். இந்த வேலைக்கு நான் என் ஓய்வுகாலத்தைக் கொடுத்திருக்கிறேன், அதில் எனக்கு நிறைவுண்டு. ஆனால் அவர்கள் செய்த ஒன்றை நாங்கள் இன்னும் செய்யவில்லை. அங்கே பிள்ளை உள்ளே படித்துக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்த தாய் தகப்பன்மாரும் படித்தார்கள். பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, நிர்வாகக்குழுவில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன அதிகாரம், மகனைப் பற்றிய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று. எங்கள் தாய்மார் வகுப்பு நடக்கும் இரண்டு மணித்தியாலமும் காருக்குள் போனோடு இருக்கிறார்கள்.

1975இல் ஹாரிங்கேயில் ஒரு கறுப்பின மாணவனைப் பள்ளிக்கூட வாசலிலேயே பொலிசார் அடித்தார்கள். அந்தச் சம்பவத்திலிருந்து எழுந்ததுதான் கறுப்பினப் பெற்றோர் இயக்கம். மாணவர்களும் தங்களுக்கென்று ஓர் அமைப்பைக் கட்டிக்கொண்டு கூடவே நின்றார்கள். அரசாங்கப் பணத்தை எதிர்பாராமல் சொந்தக் காலில் நின்றார்கள். மான்செஸ்டரில் கஸ் ஜான் இந்த வேலையை முன்னெடுத்தார். அடிபட்ட பிள்ளையின் வழக்குக்குச் சட்ட உதவி தேடுவது, நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டமாகப் போய் நிற்பது, சாட்சிகளின் வாக்குமூலத்தை அன்றைக்கே எழுதிவைப்பது, துண்டுப்பிரசுரம் வீடு வீடாகக் கொடுப்பது இதெல்லாம் அவர்கள் வேலை. பிள்ளையின் படிப்பையும் தெருவில் அவனுக்கு நடப்பதையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தெருவில் பயந்து ஒடுங்கிய பையன் வகுப்பில் கையை உயர்த்துவானா? 1981 ஜனவரியில் நியூ குரொஸ் வீட்டுத் தீயில் 13 கறுப்பின இளம்பிள்ளைகள் இறந்தபோது, மார்ச் 2ஆம் திகதி லண்டன் வீதிகளில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிய நடவடிக்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் லா ரோஸ்தான். அவர் நடத்திய புத்தகக்கடை ஃபின்ஸ்பரி பார்க்கில் ஸ்ட்ரௌட் கிரீன் ரோட்டில் இருக்கிறது. அதற்கு மேல்மாடியில் ஜோர்ஜ் பாட்மோர் நிறுவனம். அந்தப் பெற்றோர்களின் கூட்டக் குறிப்புகளும் கடிதங்களும் பிரசுரங்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. எங்கள் சனம் சாமான் வாங்கப் போகும் பாதையில்தான் அந்த இடம் இருக்கிறது.

இது கறுப்பரின் கதை, எங்களுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது அ. சிவானந்தனைப் பற்றி. இலங்கையில் 1958 கலவரத்தில் தமிழர்கள் வெட்டப்பட்டதைக் கண்டு நாட்டை விட்டு வந்த தமிழர் அவர். வந்திறங்கிய அதே ஆண்டில் நொட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள்மேல் வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்தன. அவர் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகராகச் சேர்ந்து, பிறகு அதன் இயக்குநராகி, இந்த நாட்டின் இனவெறிக்கு எதிரான சிந்தனைக்கே ஒரு முதுகெலும்பாக இருந்தார். 2018இல் காலமானார். கறுப்பு என்ற பெயரின்கீழ் ஆசியர்களும் கரீபியர்களும் ஆபிரிக்கர்களும் சேர்ந்து நின்ற காலம் அது. சவுத்ஹாலில் பஞ்சாபிப் பிள்ளைகளைத் தங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்க்காமல் பஸ்ஸில் ஏற்றித் தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பியதும் அதே காலத்தில்தான். ஒரு பள்ளியில் குடியேறியோர் பிள்ளைகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1965இல் கல்வி அமைச்சே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது.

எங்களில் பெரும்பாலானோர் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தோம். நாங்கள் வந்தபோது அந்தப் பழைய முத்திரைப் பள்ளிகள் சட்டத்திலிருந்து நீங்கியிருந்தன. 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த வகைப்படுத்தலை எடுத்துவிட்டு, பிள்ளையை மதிப்பிடும்போது பெற்றோரின் சொல்லுக்கும் இடம் கொடுத்தது. அதை மேற்கிந்தியப் பெற்றோர் மட்டுமே வென்றெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் பெற்றோரும், விசேட தேவைக் கல்வியை ஆராய்ந்த வார்னொக் குழுவும், இன்னும் பலரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலம் தெரியாமல் வந்து வகுப்பின் மூலையில் பேசாமலிருந்த எங்கள் அகதிப் பிள்ளைகளை மூளை குறைந்தவர்கள் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாமல் போனதற்கு, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் அந்தத் தாய்மார் போட்ட சத்தமும் ஒரு காரணம். அந்த மரத்தை நட்டுத் தண்ணீர் ஊற்றியவர்கள் அவர்கள், அதன் நிழலில் வந்து குந்தியவர்கள் நாங்கள்.

வீட்டுக்குள் அவர்களைப் பற்றி நாங்கள் பாவிக்கும் ஒரு சொல் இருக்கிறது. அதை நான் இங்கே எழுதமாட்டேன், வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்வதை நிறுத்துங்கள். அந்தக் கூட்டத்தோடு சேராதே என்று மகனுக்குச் சொல்வதையும் நிறுத்துங்கள். நிறத்தை வைத்து மனுசரைத் தரம் பிரிப்பது டோல்டன் செய்த வேலை.

முத்திரைப் பள்ளி போய்விட்டாலும் கறுப்பினப் பிள்ளைகளின் துன்பம் வேறு வாசலால் வந்துவிட்டது. இன்று அதன் பெயர் பள்ளிநீக்கம். கரீபியன் வழிவந்த பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்படும் வீதம் வெள்ளைப் பிள்ளைகளினதைவிடப் பல வருடங்களாக மிக உயர்வாகவே இருந்துவருகிறது. நீக்கப்பட்ட பிள்ளை மாற்றுக் கல்வி நிலையங்களுக்குப் போகிறான். அங்கிருந்து நல்ல பெறுபேறோடு வெளியே வருவோர் சொற்பம். இதற்கு எதிராகக் கறுப்பினப் பெற்றோர் குழுக்கள் இன்றும் வேலை செய்கின்றன. நீக்கக் கடிதம் வந்த குடும்பத்தோடு உட்கார்ந்து, கோப்பை வாசித்து, நிர்வாகக்குழு விசாரணைக்குக் கூடப் போகிறார்கள்.

சென்ற வருடம் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தாய் என்னிடம் வந்தார். இரண்டு வேலை செய்யும் பிள்ளை. கையில் கடிதம். “மாமா, இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. தம்பியை இனி வரவேண்டாமெண்டு போட்டிருக்கு போலகிடக்கு” என்றார். கண் கலங்கியிருந்தது. “எப்ப வந்த கடிதம் பிள்ளை?” என்று கேட்டேன். வந்து எட்டு நாளாகியிருந்தது. வெட்கத்தில் கணவருக்கும் காட்டவில்லை. எனக்கு ஓரளவு தெரியும், ஆனால் விசாரணையில் பேசிப் பழக்கமில்லை. அந்தப் பகுதியில் இந்த வேலை செய்யும் ஒரு கரீபியன் பெண்மணியைத் தேடிப் பிடித்தோம். அவர் அன்று மாலையே வந்தார். முதல் கேள்வியாக, இந்தக் கடிதத்துக்கு முன் பள்ளிக்கூடம் என்னென்ன செய்தது, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். அந்தத் தாய்க்குத் தெரியாது. எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை.

அவரிடம் நாங்கள் கற்றதைச் சொல்கிறேன், குறித்துவையுங்கள். நிரந்தர நீக்கம் என்றால் நிர்வாகக்குழு 15 பள்ளி நாட்களுக்குள் கூடி அதை ஆராய வேண்டும். பெற்றோர் அங்கே போய்ப் பேசலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். குழு நீக்கத்தை உறுதிசெய்தால், அந்த முடிவு கையில் கிடைத்து இன்னும் 15 பள்ளி நாட்களுக்குள் சுயாதீன மீளாய்வு கேட்கலாம். பிள்ளைக்கு விசேட தேவை இருக்கிறதோ இல்லையோ, அத்துறை வல்லுநர் ஒருவர் அந்த மீளாய்வில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. மீளாய்வுக் குழுவால் பிள்ளையைத் திரும்பச் சேர்க்கும்படி கட்டளையிட முடியாது. முடிவை இரத்துச்செய்து மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பத்தான் முடியும். அதனால் முதல் கூட்டத்துக்கே ஆயத்தமாகப் போகவேண்டும். நகரசபையின் கீழுள்ள பள்ளியாக இருந்தால், எழுத்தில் கேட்டு 15 பள்ளி நாட்களுக்குள் பிள்ளையின் கல்விப் பதிவேட்டைப் பார்க்கலாம். நீக்கத்தின் ஆறாம் பள்ளி நாளிலிருந்து பிள்ளைக்கு முழுநேரக் கல்வி ஏற்பாடு செய்வது அதிகாரிகளின் கடமை. தொலைபேசியில் பேசியதை நம்பி இருக்கவேண்டாம். பேசி முடிந்ததும் இன்னது பேசினோம் என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அந்தப் பிள்ளையின் விசாரணைக்கு நாங்கள் நால்வர் போனோம். தாய், தகப்பன், அந்தப் பெண்மணி, நான். தாய் வாயே திறக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்த தைரியத்தில் அவர் பேசினார், உடைந்த ஆங்கிலத்தில், அழாமல். மகனை ஒரு கும்பல் மாதக்கணக்கில் தொல்லை செய்ததையும், தான் இரண்டு தடவை அலுவலகத்தில் வந்து முறையிட்டதையும் நாளோடு சொன்னார். பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகிறான். எல்லா வழக்கும் இப்படி முடியாது என்று அந்தப் பெண்மணி எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவருக்கு நாங்கள் கொடுக்க முயன்ற பணத்தை வாங்கவில்லை. அடுத்த கிழமை தன் பகுதியில் இன்னொரு பையனுக்கு விசாரணை இருக்கிறது, ஆட்கள் குறைவு, உங்களில் யாராவது வருவீர்களா என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் போனோம். ஆனால் ஒரு தடவை போனால் போதாது. எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும் மாதம். அங்கே ஒரு பிரேரணை கொடுத்திருக்கிறேன். தவணைக்கு இரண்டு சனிக்கிழமை, பிள்ளைகளின் வகுப்பு நடக்கும் நேரத்தில் பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வைக்க வேண்டும். கடிதம் வாசிப்பது, பதில் எழுதுவது, கூட்டத்தில் பேசுவது இவையே பாடம். அந்தப் பெண்மணியின் குழுவை அழைத்துப் படிப்பிக்கக் கேட்க வேண்டும். அவர்கள் கூப்பிடும் விசாரணைகளுக்கு எங்களில் இருவர் முறைவைத்துப் போக வேண்டும், பிள்ளை எந்த நிறமாக இருந்தாலும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இது தேவையில்லாத வேலை என்று சிலர் எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு வாருங்கள், வாக்குப்போடுங்கள். இளம் தாய்மார் கட்டாயம் வாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.